முதல் புள்ளி எங்கே?

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் முதல் புள்ளியை வைக்கும் முன் சற்று நிதானிப்பார்கள். அந்த ஒரு புள்ளி ஒரு சாண் தள்ளிப்போனால் மற்ற புள்ளிகளும் அதன் பின்னாலேயே போய்விடும். இழை சரியாக ஓடும், சிக்கு சரியாக விழும், கோலத்தில் குறை ஒன்றும் இருக்காது. ஆனால் மொத்தக் கோலமும் வாசலின் நடுவை விட்டு விலகிச் சுவரோரம் போய் நிற்கும்.

இரும்பையும் அலுமினியத்தையும் வெட்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்கூடங்களில் இதே சிக்கல் தினமும் வருகிறது. அங்கே கோலம் போடுவது கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரம். வெட்டும் கருவியின் நுனியும் வெட்டப்படும் உலோகமும் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பதை யாராவது அதற்குச் சொல்லித்தர வேண்டும். அந்த முதல் புள்ளியைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பினாங்கு பாயான் லெப்பாஸ், ஜொகூர், சிங்கப்பூரின் ஜூரோங் என்று பல இடங்களில் நம் பிள்ளைகள் இந்த இயந்திரங்களின் முன் நிற்கிறார்கள். மகனையோ மகளையோ இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களும் உண்டு. அப்போது, "பட்டன் அழுத்துகிற வேலைதானே" என்று சொல்ல ஓர் உறவினர் இல்லாமல் போக மாட்டார். பட்டனை அழுத்துவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால், அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இயந்திரத்துக்குத் தெரியாதது

காலையில் சி.என்.சி. இயந்திரத்தை இயக்கியதும் அது தன் 'வீட்டுக்கு', அதாவது தன் சொந்தத் தொடக்கப் புள்ளிக்குப் போய் நிற்கும். புதிய இயந்திரங்கள் சில அந்த இடத்தை அணைத்த பிறகும் மறப்பதில்லை. அங்கிருந்து தன் மேசை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதை மூன்று தசம இடங்கள் வரை அது திரையில் காட்டும்.

ஆனால் மேசையின் மேல் உள்ள பிடிப்பானில் நாம் இறுக்கி வைத்த உலோகக் கட்டி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கட்டி இருக்கிறதா என்பதே தெரியாது. எந்தக் கருவியை மாட்டியிருக்கிறோம், அதன் நீளம் என்ன என்பதும் தெரியாது.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் இரண்டு செய்திகளை இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒன்று, பாகத்தின் பூஜ்யப் புள்ளி. வரைபடத்தில் எந்த மூலையிலிருந்து அளவுகள் தொடங்குகின்றனவோ, அந்த மூலை இயந்திரத்தின் கணக்கில் எங்கே இருக்கிறது என்பது. இதைப் பெரும்பாலான இயந்திரங்களில் ஜி54 முதல் ஜி59 வரையுள்ள ஆறு இடங்களில் பதியலாம். தொழிற்கூடத்தில் இதை 'ஒர்க் ஆஃப்செட்' என்பார்கள். மற்றொன்று, ஒவ்வொரு கருவியின் நீளம். இது 'டூல் ஆஃப்செட்'.

இரண்டாவதில் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 95 மில்லிமீட்டர் நீளமுள்ள கருவியின் எண்ணைக் கொடுத்துவிட்டு, 140 மில்லிமீட்டர் நீளமுள்ள துளைக்கருவியை மாட்டிவிட்டோம். அது 95 என்று நம்பித்தான் இயந்திரம் இறங்கும். மேற்பரப்பைத் தாண்டி 45 மில்லிமீட்டர் உள்ளே போகப் பார்க்கும், அதுவும் அதிவேகத்தில். கருவி உடையும், பாகம் வீணாகும். கெட்ட நேரமாக இருந்தால், கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் தாங்கிகளும் சேதமாகும். தொழிற்கூடத்தில் 'கிராஷ்' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது இதனால்தான்.

காகிதத் துண்டிலிருந்து தொடங்குவோம்

மிகப் பழைய வழி, ஒரு காகிதத் துண்டு. கருவியைச் சுழலவிடாமல் நிறுத்தி, உலோகத்தின் மேல் காகிதத்தை வைத்து, அதை முன்னும் பின்னும் இழுத்தபடி கருவியை மெல்ல இறக்க வேண்டும். காகிதம் பிடிபட்டு இழுக்க மறுக்கும் கணத்தில் கருவிக்கும் உலோகத்துக்கும் இடையே காகிதத்தின் தடிமன் மட்டுமே உள்ளது. சாதாரண அலுவலகத் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதைக் கணக்கில் கழித்துவிட்டால் மேற்பரப்பு கிடைத்துவிடும்.

எளிய வழிதான். ஆனால் சுழலும் கருவியின் அருகே விரலால் காகிதத்தைப் பிடிக்கவே கூடாது. கையுறை போட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், நூலைப் பிடித்துக் கையையே இழுத்துவிடும்.

காகிதத்தைவிட நம்பகமானது, தடிமன் துல்லியமாகத் தெரிந்த ஓர் உருளை ஊசி அல்லது அளவுக் கட்டை. இதில் ஒரு நுட்பம் உண்டு. 10 மில்லிமீட்டர் ஊசியை உலோகத்தின் மேல் வைத்து, கருவியை அதன் மேல் இறக்கக் கூடாது. அப்படி இறக்கினால் கார்பைடு கருவியின் கூர்முனை தெறித்துப் போகலாம். முதலில் கருவியை ஊசியின் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஊசி இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு, ஊசியைப் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டே கருவியை நூறில் ஒரு மில்லிமீட்டர் வீதம் உயர்த்த வேண்டும். ஊசி எந்தக் கணத்தில் அடியில் நுழைந்து உருள்கிறதோ, அந்த இடத்தில் இடைவெளி 10 மில்லிமீட்டர்.

அளவுக் கட்டைகளை உலகுக்குக் கொடுத்தவர் சுவீடனின் கார்ல் எட்வார்ட் ஜொஹான்சன். ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டினால் பிரியாமல் நிற்கும் அளவுக்கு வழவழப்பான எஃகுக் கட்டைகள் அவை. சிலவற்றைச் சேர்த்து அடுக்கினால் வேண்டிய அளவை உருவாக்கிக்கொள்ளலாம். இன்றும் அளவீட்டு அறைகளில் அவற்றின் வாரிசுகளைப் பார்க்கலாம்.

ஆடி ஆடி அடங்கும் நுனி

பக்கவாட்டு விளிம்பைக் கண்டுபிடிக்கப் பயன்படுவது 'எட்ஜ் ஃபைண்டர்'. பார்க்க ஒரு தடித்த பென்சில் துண்டு போல இருக்கும். கீழ்முனை தனித் துண்டு. உள்ளே உள்ள ஸ்பிரிங் அதை மேல்பாகத்தோடு இழுத்துப் பிடித்திருக்கும். இதை ஸ்பிண்டிலில் மாட்டி, நிமிடத்துக்கு 500 முதல் 1,000 சுற்று வரை மிதமான வேகத்தில் சுழற்றினால் நுனி பம்பரம்போலத் தள்ளாடும்.

மேசையை நகர்த்தி விளிம்பை அதன் அருகே கொண்டுவரும்போது தள்ளாட்டம் குறையும். சரியாகத் தொடும் கணத்தில் நுனி ஆடாமல் நேராக நிற்கும். அதற்கு மேல் ஒரு மயிரிழை தள்ளினால் சட்டென ஒருபக்கம் வழுக்கி விலகும். அந்த வழுக்கும் கணம்தான் அடையாளம். பழகிய கைக்கு ஒவ்வொரு முறையும் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குள் அதே இடம் கிடைக்கும்.

நுனியின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், அந்தக் கணத்தில் ஸ்பிண்டிலின் மையம் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பயிற்சி மாணவர்கள் மறந்துபோவது பெரும்பாலும் இந்த ஐந்தைத்தான். மறந்தால் பாகத்தில் உள்ள எல்லாத் துளைகளும் 5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டால் பிழை 10 மில்லிமீட்டர். துளைகளுக்கு இடையே உள்ள தூரமெல்லாம் கச்சிதமாக இருப்பதால் அளந்து பார்க்கும்போதுகூட உடனே பிடிபடாது. பாகத்தைப் பொருத்தப் போகும்போதுதான் தெரியவரும்.

இந்தத் தொல்லையே இல்லாத ஒரு வழியும் உண்டு. வரைபடத்தின் பூஜ்யம் பாகத்தின் நடுவில் இருந்தால், இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை தொட்டு இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். இடப்பக்கம் 102.40, வலப்பக்கம் 212.40 என்றால் நடு 157.40. நுனியின் அரை விட்டம் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுவதால் தானாகவே அடிபட்டுப் போகிறது. நுனி சற்றுத் தேய்ந்திருந்தாலும் நடு மாறாது.

ஏற்கெனவே உள்ள வட்டத் துளையின் மையம் வேண்டுமென்றால் டயல் இண்டிகேட்டரைப் பயன்படுத்துவார்கள். அதை ஸ்பிண்டிலில் பொருத்தி, கையால் மெல்லச் சுற்றினால் அதன் முனை துளையின் உட்சுவரைத் தடவிக்கொண்டு போகும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் முள் 0.04 வித்தியாசம் காட்டினால், மையம் 0.02 தள்ளி இருக்கிறது என்று பொருள். பாதியளவு நகர்த்தி மீண்டும் சுற்ற வேண்டும். முள் அசையாமல் நிற்கும்வரை செய்ய வேண்டும். பொறுமை கேட்கும் வேலை.

கடைசல் இயந்திரத்தில் இன்னும் நேரடியான வழி இருக்கிறது. சிறிது வெட்டு, இயந்திரத்தை நிறுத்து, மைக்ரோமீட்டரால் அள, அந்த அளவையே இயந்திரத்தில் பதி. வெட்டும்போது கருவி எவ்வளவு வளைகிறது, பாகம் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதெல்லாம் அந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

விமானத்திலிருந்து வந்த தொடுமுனை

இன்றைய நவீனக் கூடங்களில் இந்த வேலையைச் செய்வது 'புரோப்' எனப்படும் தொடுமுனை. மெல்லிய தண்டின் நுனியில் சிறிய செயற்கை மாணிக்க உருண்டை இருக்கும். அது உலோகத்தைத் தொட்டதும் இயந்திரத்துக்குச் செய்தி போகும். இயந்திரம் அந்தக் கணத்தின் இடத்தைக் குறித்துக்கொள்ளும்.

இதன் பிறப்பு ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானத்தோடு தொடர்புடையது. அதன் ஒலிம்பஸ் எஞ்சினில் இருந்த மெல்லிய குழாய்களை அளக்க வேண்டியிருந்தது. அன்றைய கெட்டியான அளவுமுனைகளைக் கையால் அழுத்தினால் குழாயே வளைந்துவிடும். வளைந்த குழாயின் அளவு யாருக்கு வேண்டும்? ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் மெக்மர்ட்ரி 1972இல் இதற்கு ஒரு விடை கண்டார். 1973இல் அவரும் ஜான் டியரும் சேர்ந்து ரெனிஷா நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அதன் உள்ளமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. தண்டின் மேல்முனையில் மூன்று சிறு கைகள். ஒவ்வொரு கையும் இரண்டு உருண்டைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும். ஆக மொத்தம் ஆறு தொடுபுள்ளிகள், அவற்றின் வழியே ஒரு சிறு மின்னோட்டம். நுனி எதையாவது தொட்டு இம்மியளவு சாய்ந்தாலும் ஏதாவது ஒரு புள்ளியில் தொடர்பு விலகும். மின்னோட்டம் தடைபடும், செய்தி போகும். பின்வாங்கியதும் ஸ்பிரிங் அதைப் பழைய இருக்கையிலேயே கொண்டுவந்து வைத்துவிடும். திரும்பத் திரும்பத் தொட்டாலும் வித்தியாசம் ஒரு மைக்ரான் அளவில்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும்.

கருவியின் நீளத்துக்கும் இப்போது தனி ஏற்பாடு வந்துவிட்டது. மேசையின் ஓரத்தில் உள்ள சிறு தொடுமேடையில் கருவி வந்து தொட்டுவிட்டுப் போகும், அல்லது ஒரு லேசர் கதிரை மறைத்துத் தன் நீளத்தைக் காட்டும். வேலைக்கு நடுவில் கருவி உடைந்திருக்கிறதா என்பதையும் இப்படியே பார்த்துவிடலாம்.

அப்படியானால் ஆள் எதற்கு?

நியாயமான கேள்வி. இயந்திரமே தொட்டு, அளந்து, பதிந்துகொள்கிறதே?

தொடுமுனை நாம் காட்டும் இடத்தைத் தொடும். அந்த இடத்தில் ஒரு சிறு உலோகச் சுருள் ஒட்டியிருந்தால், அந்தச் சுருளை ஒரு மைக்ரான் துல்லியத்தில் அளந்து சொல்லும். பாகத்துக்கு அடியில் தூசி சிக்கி ஒரு மூலை 0.05 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும், "சுத்தம் செய்துவிட்டு வா" என்று அது சொல்லாது. வார்ப்பில் வந்த கரடுமுரடான பக்கத்திலிருந்து அளப்பதா, ஏற்கெனவே இழைத்துச் சமப்படுத்திய பக்கத்திலிருந்து அளப்பதா என்பதையும் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. தொழிற்கூட அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். குளிரூட்டி இல்லாத நம் கூடங்களில் 30 டிகிரி என்பது சாதாரணம். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு, பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ 0.035 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதைப் போல இரண்டு மடங்கு, 0.07 அளவுக்கு நீளும். பல வேலைகளில் அனுமதிக்கப்படும் மொத்த வித்தியாசமே அவ்வளவுதான். வெட்டி முடித்த கையோடு சூடான பாகத்தைக் குளிரூட்டிய அளவீட்டு அறைக்குக் கொண்டுபோய் அளந்தால் ஓர் அளவு, இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் வேறோர் அளவு. இயந்திரத்துக்கும் இதே கதைதான். காலையில் குளிர்ந்த ஸ்பிண்டிலை வைத்துக் கண்டுபிடித்த பூஜ்யம், அது ஓடிச் சூடேறி நீண்ட பிறகு மாறிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் இயந்திரத்தைச் சிறிது நேரம் சும்மா ஓடவிட்டுப் பிறகு அளக்கிறார்கள். அது சோம்பேறித்தனம் என்று புதிய மேற்பார்வையாளர் நினைக்கக்கூடும்.

சிங்கப்பூரின் சிலேத்தாரில் ரோல்ஸ்ராய்ஸ் 2012 முதல் விமான எஞ்சின்களைப் பொருத்தி வருகிறது, விசிறி இதழ்களையும் தயாரிக்கிறது. பினாங்கில் மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகள் உள்ளன. இப்படிப்பட்ட துறைகளுக்கான பாகங்கள் பல கட்டங்களாக வெட்டப்படுபவை. ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் பொருத்தி மறுபக்கத்தைச் செய்ய வேண்டும். அப்படித் திருப்பும்போது முதல் புள்ளியை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் பல மணி நேர உழைப்பு அந்த உலோகத்தில் ஏறியிருக்கும். டைட்டானியமாக இருந்தால் உலோகத்தின் விலையும் சேர்ந்துகொள்ளும். கடைசித் திருப்பத்தில் பிழைத்தால் அத்தனையும் பழைய இரும்புக் கூடையில் விழும். அந்தக் கணத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவரின் நிதானத்துக்குத்தான் நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது.

இளைஞர்களுக்கு நான்கு பழக்கங்கள்

ஒன்று, தொடுவதற்கு முன் துடையுங்கள். பிடிப்பானின் தாடை, பாகத்தின் அடி, கருவியின் கூம்பு மூன்றையும் துடைக்க அரை நிமிடம் போதும்.

இரண்டு, எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகுங்கள். திருகுகளில் சிறு தளர்வு இருக்கும். தாண்டிப் போய்விட்டால் அப்படியே சற்றுப் பின்னால் வருவது தவறு. நன்றாகப் பின்வாங்கி மறுபடியும் முன்போலவே வாருங்கள்.

மூன்று, பதிந்த எண்ணைக் கண்ணால் சோதியுங்கள். நிரலை ஓட்டும் முன், பாகத்துக்கு 50 மில்லிமீட்டர் மேலே கருவியை வந்து நிற்கச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக ஓடவிட்டு, ஒரு விரல் நிறுத்தும் பட்டன் மேல் இருக்கட்டும். நின்றதும் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 50 இருக்க வேண்டிய இடத்தில் 5 இருந்தால் தசமப் புள்ளி இடம் மாறியிருக்கிறது. கிராஷ் நடக்கும் முன்பே அதைப் பிடித்துவிட்டீர்கள்.

நான்கு, எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் தொட்டோம், எந்த ஜி எண்ணில் பதிந்தோம், எந்தக் கருவி எந்த எண் என்பதை அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு விட்டுச் செல்லுங்கள். உங்கள் நினைவு உங்களோடு வீட்டுக்குப் போய்விடும். இயந்திரம் இரவிலும் ஓடும்.

பெற்றோருக்கு ஒரு கேள்வி

இந்தத் துறையில் ஆப்பரேட்டர், செட்டர் என்று இரண்டு நிலைகள் உண்டு. தயார் செய்து வைத்த இயந்திரத்தில் பாகத்தை மாற்றி மாற்றி வைத்து ஓட்டுபவர் ஆப்பரேட்டர். புதிய வேலை வந்தால் பாகத்தைப் பிடித்து, பூஜ்யத்தைக் கண்டு, கருவிகளை அளந்து, முதல் பாகத்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பவர் செட்டர். பொறுப்பும் பொதுவாகச் சம்பளமும் இவருக்குத்தான் கூடுதல். பாகத்தை எடுத்து வைக்கும் வேலையை ரோபோ கை பறித்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. முதல் பாகத்தை எடுத்துக் கொடுப்பவரின் தேவை அவ்வளவு எளிதில் குறையாது.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் முன் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நேரில் போனால், கட்டடத்தையும் இயந்திரங்களின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். "ஒவ்வொரு மாணவரும் தன் கையால் எத்தனை முறை பூஜ்யம் எடுப்பார்?" என்று கேளுங்கள். ஆசிரியர் தயார் செய்து கொடுக்க, மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கும் இடமா, அல்லது எட்ஜ் ஃபைண்டரும் டயலும் மாணவர் கையில் இருக்கும் இடமா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்கள் கூடத்தில் புரோப் இருந்தாலும் வாரம் ஒரு முறையாவது பழைய முறையில் மையம் எடுத்துப் பாருங்கள். பிறகு புரோப் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் உங்கள் கை தேறிவிட்டது. பொருந்தாவிட்டால் ஏன் என்று தேடுங்கள். அந்தத் தேடலில் கிடைப்பதை எந்தக் கையேடும் அவ்வளவு சீக்கிரம் சொல்லித்தராது.

அடுத்த வாரம்: வளையாமல், நசுங்காமல் ஒரு மெல்லிய பாகத்தைப் பிடித்து வைப்பது எப்படி?